சக்கரம் பதிந்த பாத்தி

மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் சூழ்ந்த கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள ஊர் நுரைச்சோலை. 2011ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அனல் மின்நிலையத்தால் அதன் பெயர் நாடெங்கும் பரவியது. ஆயினும் அவ்வூரின் பழஞ்செல்வம் மணலே. அம்மணலுக்கடியில், உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும் நன்னீரைக் கிணற்றிலிருந்து இறைத்து, வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவிக்கிறார்கள் கமக்காரர்கள்.

இத்தகைய தோட்டத்தினுள், சவாரி மோகத்தால் வீதியை விட்டிறங்கிய மோட்டார் சைக்கிளோ ஜீப் வண்டியோ புகுந்தால் என்ன நேரும்? ஓட்டும் வாலிபனுக்கு அது வெறும் மணல்வெளி. உடையவனுக்கோ அதுவே குடும்பத்தின் சோறு. சக்கரம் சுழன்று புதையும், பாத்தி சரியும், வெங்காயம் நசுங்கும், நீர்க்குழாய் உடையும். இரண்டு மாத உழைப்பு இரண்டு நிமிடத்தில் பாழாகும். கரையோரத்து அடம்பன் கொடி அறுந்தாலோ, அது கட்டிவைத்திருந்த மணலைக் காற்று அள்ளிப் பயிரின்மேல் கொட்டும்.

“தெரியாமல் வந்துவிட்டோம்” என்று சொல்லித் தப்புவது எளிது. சட்டமும் ஓரளவு அதற்கு இடந்தருகிறது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவின்படி, குற்றம் புரியவோ, உடையவனை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணிப் புகுந்தால்தான் அத்துமீறல் குற்றமாகும். அந்த எண்ணத்தை நிரூபிப்பது அரிது. கவலையீனத்தால் விளைந்த சேதத்துக்கு நட்டஈடு கோரி வழக்கிடலாம். ஆனால் நான்கு பாத்தி வெங்காயத்துக்காக ஓர் ஏழைக் கமக்காரன் எத்தனை தவணை நீதிமன்றப் படியேறுவான்? பிரித்தானியாவிலோ, 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம், உரிய அனுமதியின்றி வீதியை விட்டுப் பிறர் நிலத்தில் மோட்டார் வாகனம் செலுத்துவதையே குற்றமாக்கியிருக்கிறது.

சட்டம் எவ்வாறாயினும் அறம் என்ன சொல்கிறது? அநுராதபுரத்தில் அரசு செலுத்திய தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றி மகாவம்சம் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. பயணமொன்றில் அவனது தேரின் நுகம் பட்டு ஒரு தூபி சிதைந்தது. அவன் வேண்டுமென்று செய்ததன்று. ஆயினும் மன்னன் தேரினின்று குதித்து வீதியிற் கிடந்து, சக்கரத்தால் தன் தலையைத் துணிக்குமாறு அமைச்சரை வேண்டினான். தூபியைச் செப்பனிட்டாற் போதுமென அவர்கள் தேற்றினர். பெயர்ந்த 15 கற்களையும் மீளப் பதிக்க அவன் 15,000 காசு செலவிட்டான்.

மாணவர்களே, “தெரியாமல் நேர்ந்தது” என்று எல்லாளனும் சொல்லியிருக்கலாம். அவன் வண்டியை நிறுத்தி இறங்கினான், சேதத்தைப் பார்த்தான், செப்பனிட்டான். உங்கள் சக்கரம் பிறர் பாத்தியில் பதிந்துவிட்டால், நீங்களும் இறங்குங்கள். உடையவரைத் தேடிச் சென்று இழப்பை ஈடுசெய்யுங்கள்.

கமக்காரர்களுக்கும் ஒரு சொல். தனித்தனியே முறையிட்டால் குரல் எட்டாது. ஊரார் ஒன்றுகூடி முறையிட்டால் எட்டும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது உங்கள் கரைமணலே கற்பிக்கும் பாடமல்லவா?