துவாதசிப் பாரணையும் குடலின் பணியும்

ஏகாதசியன்று உபவாசம் இருந்தோர், மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாரணை செய்வது நம் இல்லங்களின் மரபு. இம்மூன்றின் சத்தும் உண்டவுடன் உடலில் சேர்ந்துவிடுவதில்லை. ஒவ்வொன்றும் உணவுப்பாதையில் வெவ்வேறு வகையில் வெளிப்படுகிறது.

அகத்திக்கீரையிலுள்ள பீட்டா கரோட்டின், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறிக் கண்பார்வைக்குத் துணைபுரிகிறது. ஆனால் அது இலையின் உயிரணுச் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. வேகவைப்பதும் மெல்லுவதுமே அச்சுவர்களை உடைக்கின்றன. நீரில் கரையாத அப்பொருள், கொழுப்பில் கரைந்து, பித்தநீரின் உதவியால் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. இதய நோய்க்கு அஞ்சிக் கீரையைத் துளி எண்ணெயும் இன்றி உண்ணும் முதியோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெயே போதுமானது. பல் இழந்தோர் கீரையை நன்கு மசித்து உண்டால் கரோட்டின் எளிதாகக் கிடைக்கும்.

நெல்லிக்காயின் வைட்டமின் சி நீரில் கரைவது. நெடுநேரம் கொதித்தால் குறைவது. ஆகவே பச்சையாக அரைத்துத் தயிரில் கலந்த பச்சடியே சிறந்தது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் அது துணைநிற்கிறது.

சுண்டைக்காயிலும் கீரையிலும் உள்ள நார்ச்சத்தைச் செரிக்கும் நொதி மனித உடலில் இல்லை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களே அதன் ஒரு பகுதியை நொதிக்கச் செய்கின்றன. அப்போது உண்டாகும் பியூட்டிரேட், பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு உணவாகிறது. நாரோடு பிணைந்திருந்த பாலிஃபீனால் என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளும் பெரும்பாலும் அங்கேதான் விடுபடுகின்றன. சாற்றை மட்டும் வடித்துப் பருகிச் சக்கையை எறிபவர் இப்பயனை இழக்கின்றனர்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். போதிய நீரும் அருந்த வேண்டும். இல்லையேல் மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் மிகும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையின் அளவைத் திடீரென மாற்றலாகாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் ஆற்றலைக் குறைத்துவிடும். நீரிழிவுக்கு மருந்து கொள்வோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே உபவாசம் இருத்தல் வேண்டும்.

பாரணையின் முதல் கவளத்தைப் பெருமாளை நினைந்து எடுப்போர், அதனை அவசரமின்றி மென்று விழுங்குவார்களாக. குடலின் பணி வாயிலிருந்தே தொடங்குகிறது.