வானத்தில் 'டமார்'... வீட்டுக்குள் 'கடகட': சோனிக் பூம் மக்களை எவ்வளவு படுத்துகிறது?

ஒலியைவிட வேகமாக விமானம் பறந்தால், முன்னால் இருக்கும் காற்று விலக நேரமே கிடைக்காது. நெருக்கப்பட்ட அந்தக் காற்று அதிர்வலையாக வந்து தரையில் மோதும். அதுதான் சோனிக் பூம். ஒலியின் வேகத்தைத் தாண்டும் நொடியில் மட்டும்தான் இது கேட்கும்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. அந்த வேகத்தில் பறக்கும் வரை, வழியில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் 'டமார்'தான்!

ஓக்லஹோமா சிட்டியில் என்ன நடந்தது?

1964 பிப்ரவரி 3-ல் அமெரிக்க அரசு இந்த நகரத்தின் மேல் ஒரு சோதனையைத் தொடங்கியது. தினமும் எட்டு பூம் வீதம், ஆறு மாதத்தில் 1,253 பூம்கள். கூடவே, சுமார் 3,000 பேரிடம் மூன்று முறை கருத்துக் கேட்டார்கள். பெரும்பாலானோர் சொன்ன தொல்லை ஒன்றுதான்: "வீடு அதிருது, சாமானெல்லாம் ஆடுது." கடைசியில் 27 சதவீதம் பேர், இந்தச் சத்தத்தைச் சகித்துக்கொள்ளவே முடியாது என்றார்கள். 1973-ல் நிலப்பகுதிக்கு மேல் பயணிகள் விமானங்கள் இந்த வேகத்தில் பறக்க அமெரிக்கா தடை போட்டது.

வீட்டுக்குள் இருந்தால் சத்தம் குறையாதா?

குறையும். ஆனால் சுவரும் ஜன்னலும் தடுப்பது பெரும்பாலும் கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலியைத்தான். பூமின் சக்தியோ தாழ் அதிர்வெண்ணில் இருக்கிறது. அது சுவரையே அசைத்துவிட்டு உள்ளே வரும். ஜன்னல் கண்ணாடியும் அலமாரிப் பாத்திரமும் தங்கள் பங்குக்குச் சத்தம் போடும். வானமும் தெரியாது என்பதால், வெடிவிபத்தா, நிலநடுக்கமா என்ற பதற்றம் வேறு.

இதை எப்படி ஆராய்கிறார்கள்?

வர்ஜீனியாவில் உள்ள நாசாவின் லாங்லி மையத்தில், வீட்டு வரவேற்பறை போலவே ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். சுவருக்கு வெளியே ஒலிபெருக்கிகள் பூமை உண்டாக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர், எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று மதிப்பெண் போட வேண்டும். அதே பூமுடன் 'கடகட' சத்தமும் சேர்ந்தால் எரிச்சல் கூடுகிறது என்று தெரியவந்தது.

ஆனால் ஆய்வுக்கூடத்தில், சத்தம் வரும் என்று தெரிந்தேதான் உட்காருகிறோம். வீட்டில் அப்படியா? சமைக்கும்போது, குழந்தை தூங்கும்போது வந்தால் கதையே வேறு. அதனால் 2018 நவம்பரில் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகருக்கே போனார்கள். எஃப்/ஏ-18 விமானத்தைக் கடல்மேல் பாயவிட்டு, ஊருக்குள் மெல்லிய பூம் மட்டும் கேட்கச் செய்தார்கள். சுமார் 500 தன்னார்வலர்கள் தங்கள் அனுபவத்தைப் பதிவு செய்தார்கள்.

அடுத்து என்ன?

நாசாவின் எக்ஸ்-59 விமானம் 2025 அக்டோபர் 28-ல் முதன்முறையாகப் பறந்தது. கான்கார்டு எழுப்பிய சத்தம் சுமார் 105 டெசிபல். இதன் இலக்கு 75. தூரத்தில் கார் கதவைச் சாத்தும் அளவுதான். ஊர்களின் மேல் பறக்கவிட்டு மக்களிடம் கருத்துக் கேட்பது அடுத்த கட்டம். பழைய தடைக்குப் பதிலாக, இவ்வளவு சத்தம் வரை பரவாயில்லை என்று ஒரு வரம்பு வைப்பதற்கு அந்தப் பதில்கள்தான் அடிப்படை. டெசிபலை மைக் அளந்துவிடும். "பரவாயில்லை" என்பதை வீட்டுக்குள் இருப்பவர்தான் சொல்லணும்.