இரண்டு வீட்டுக்கும் ஒரே கதவு எண்

சிங்கப்பூரின் தேக்காவில், பஃபலோ ரோட்டுப் பக்கம் நான் இருக்கும் வீவக வீடு. கும்பகோணத்தில் அப்பா அம்மா. அங்கே ஒரு ஹார்டு டிஸ்க் நிறையக் குடும்பப் படங்கள், வாசலில் ஒரு கேமரா. எந்த நிறுவனத்தின் கிளவுடிலும் ஏற்றாமல், இரண்டு வீட்டு வைஃபையையும் ஒன்றாகக் கோத்துவிட நினைத்தேன்.

தூரம் ஒரு பொருட்டே இல்லை. 2002இல் போட்ட 'ஐ2ஐ' கடலடிக் கேபிள் சென்னையிலிருந்து சிங்கப்பூரின் துவாஸ் வரை ஏறக்குறைய 3,200 கி.மீ.; ஒளி அதைக் கடக்க ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு போதும். சிக்கலெல்லாம் வாசற்படியில்தான்.

வீடுகளைக் கோக்கும் டனல் என்பது உறைக்குள் உறை. வீட்டுக்குள் புழங்கும் தகவலைப் பூட்டி, மேலே பொது முகவரி எழுதி அனுப்புவது. 2020 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் வயர்கார்டு இதைச் சில வரிகளில் முடித்துவிடும். ஆனால் இரண்டு ரூட்டருமே 192.168.1 என்ற வரிசையில் இருந்தால், கும்பகோணத்துக் கேமராவுக்குப் போக வேண்டியது தேக்கா வீட்டையே சுற்றிவரும். ஒரு வரிசையை மாற்றித்தான் ஆக வேண்டும். நம் பக்கத்தை மாற்றுவதே நல்லது; ஊரில் பிரிண்டர் நின்றால் ராத்திரி போன் நமக்குத்தான்.

அடுத்தது முகவரிப் பஞ்சம். ஆசிய பசிபிக் வட்டாரத்தின் ஐபிவி4 கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதனால் பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் உங்கள் வீடும் அதில் ஒன்று. வெளியாள் வந்து தட்ட அதற்குக் கதவில்லை. ஒரு பக்கம் கதவிருந்தாலே போதும் என்பதுதான் ஆறுதல். என் சிங்கப்பூர் இணைப்புக்குப் பொது முகவரி உண்டு. ஆகவே கும்பகோணம் கூப்பிடும், தேக்கா திறக்கும். வழி மூடிக்கொள்ளாதிருக்க 25 விநாடிக்கொரு தரம் ஒரு தட்டு.

இன்னொன்று: வீடுகளைச் சேர்த்தால் அங்குள்ள மலிவுக் கேமராவும் உங்கள் மடிக்கணினியை எட்டிப்பார்க்கும். தேவையான முகவரிகளை மட்டும் ஃபயர்வாலில் அனுமதியுங்கள்.

சிங்கப்பூர் முகவரி எப்போதாவது மாறும். மாறும் முகவரியைப் பின்தொடரும் டைனமிக் டிஎன்எஸ் பெயரைக் கொடுத்திருந்தாலும், வயர்கார்டு தொடக்கத்தில் ஒரு தரம்தான் அதைத் தேடும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை திரும்பத் தேடும் சின்ன ஸ்கிரிப்டை ஊர் ரூட்டரில் ஓடவிட வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன்; முகவரி மாறியதும் இணைப்பு அறுந்தது. "ரூட்டரை ஒரு தரம் அணைச்சுப் போடுங்கப்பா" என்றதற்கு, "எந்த விளக்கு எரியணும்?" என்றார் அப்பா.