எஞ்சின் ஒரு முறை, லாரி பல முறை

ஜெர்மனியில் பெரியவர்களும் வீட்டில் மாதிரி ரயில் ஓட்டுகிறார்கள். எஞ்சின் விலை அதிகம்; எப்போதாவதுதான் வாங்குவார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே ஊர் வேண்டுமே! லாரி, பஸ், தெருவிளக்கு, கடைப் பெயர்ப்பலகை என்று வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார்.

அளவைக் கேட்காமல் பொட்டலம் கட்டினால் வியாபாரம் கெட்டது. அங்கு பெருவாரியான ரயில்கள் 87இல் ஒரு பங்கு. பிரிட்டன் கார்களோ பெரும்பாலும் 76இல் ஒரு பங்கு. 4.35 மீட்டர் கார் முன்னதில் 5 செ.மீ., பின்னதில் 5.7 செ.மீ. பக்கத்தில் வைத்தால் கண்ணை உறுத்தும். சரக்கு திரும்பி வரும். காலத்தையும் கேட்க வேண்டும். 1950களின் நீராவி ரயில் ஊரில் 1990ஆம் ஆண்டுக் கார் நிற்கலாமா?

1989இல் ஃபாலர் நிறுவனம் ஓடும் லாரியையே கொண்டுவந்தது. உள்ளே பேட்டரி, முன்சக்கரத்தருகே காந்தம். சாலைக்கடியில் பதித்த இரும்புக் கம்பி போகும் வழியில் லாரி திரும்பும். லாரி வாங்கியவர் கம்பியையும் சாலைப் பூச்சையும் வாங்காமல் போவாரா?