வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரே ஒரு ஆள்: கல்லூரி 'இன்டர்நேஷனல் ஆபீஸ்' வேலைப்பளுவைச் சமாளிப்பது எப்படி?

இரவு 1 மணி. சென்னை விமான நிலையத்தில் இறங்கும் ஒரு வெளிநாட்டு மாணவர், டாக்ஸியில் ஏறி 'கேளம்பாக்கம்' என்கிறார். டிரைவர் காதில் விழுவது 'கிளாம்பாக்கம்'. ஒன்று ஓ.எம்.ஆரில் இருக்கும் ஊர். மற்றொன்று ஜி.எஸ்.டி சாலையில், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பேருந்து முனையம். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 20 கி.மீ. தப்பான இடத்தில் பெட்டியோடு நிற்கும் அந்த மாணவர் யாருக்கு போன் போடுவார்?

கல்லூரியின் இன்டர்நேஷனல் ஆபீஸுக்குத்தான். சிறிய கல்லூரிகளில் அந்த 'ஆபீஸ்' என்பது பெரும்பாலும் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஆள். சில இடங்களில் அந்த ஆளும் வகுப்பெடுக்கும் பேராசிரியராகவே இருப்பார்.

படூர், கேளம்பாக்கம், களவாக்கம், வண்டலூர் சாலை என இந்த வட்டாரம் முழுக்கக் கல்லூரிகள். வெளிநாட்டு மாணவர் ஒருவர் சேர்ந்தாலே என்னென்ன வேலை தொடங்குகிறது? ஒரே ஆள் அதை எப்படிச் சமாளிக்கலாம்? விரிவாகப் பார்ப்போம்.

இந்த ஆபீஸ் ஏன் தேவை?

வெளிநாட்டு மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் அவர்களுக்கென ஓர் அலுவலகம் வேண்டும் என்று 2020 தேசிய கல்விக் கொள்கை சொல்கிறது. 2021-ல் யுஜிசி வெளியிட்ட வழிகாட்டுதலும் பல்கலைக்கழகங்கள் சர்வதேச விவகார அலுவலகம் அமைக்க வேண்டும் என்றது. மத்திய அரசின் உயர்கல்வி கணக்கெடுப்பின்படி 2021-22-ல் இந்தியாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். அதில் நேபாள மாணவர்கள் மட்டும் 28 சதவீதம்.

ஆபீஸ் வேண்டும் என்று சொல்வது சுலபம். அதில் எத்தனை பேர் உட்கார வேண்டும் என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்கிறது. அங்கேதான் சிக்கல்.

என்னென்ன வேலை?

மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உள்ளே வரும் மாணவர்கள்: சேர்க்கைக் கடிதம், விசா, ஹாஸ்டல், பதிவு, மருத்துவ அவசரம்.

இரண்டாவது, வெளியே போகும் மாணவர்கள்: டிரான்ஸ்கிரிப்ட், பரிந்துரைக் கடிதம், சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை. ஜெர்மனி போக விரும்பும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ் சான்றிதழும் கட்டாயம்.

மூன்றாவது, ஒப்பந்தங்கள்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் போடும் புரிந்துணர்வு ஒப்பந்தம், வருகை தரும் குழு, போட்டோ, அறிக்கை.

மேலிடத்தின் கண்ணில் படுவது மூன்றாவது வேலை. கல்லூரிக்கும் மாணவருக்கும் சட்டச் சிக்கலைக் கொண்டுவரக்கூடியது முதல் வேலை. ஒரே ஆள் இருக்கும் இடத்தில் எதை முதலில் எடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

24 மணி நேரம், 14 நாள்: தள்ளிப்போட முடியாத கெடுக்கள்

வெளிநாட்டு மாணவர் சேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் கல்வி நிறுவனம் அந்த விவரத்தை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். 'ஃபார்ம் எஸ்' என்று பல ஆண்டுகளாக அறியப்பட்ட நடைமுறை இது. தங்க இடம் கொடுப்பவரும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். இது 'ஃபார்ம் சி' என்று பல ஆண்டுகளாக அறியப்பட்டது. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர், வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

2018-ல் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ இணையதளம் வந்த பிறகு நேரில் அலைவது பெருமளவு குறைந்துவிட்டது. கெடு குறையவில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டமும், மாணவர் விவரங்களைத் தருவதைக் கல்வி நிறுவனத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது.

எல்லா மாணவருக்கும் ஒரே விதி கிடையாது. நேபாளம், பூட்டான் நாட்டவருக்கு விசா தேவையில்லை. ஓ.சி.ஐ அட்டை வைத்திருப்பவர் எஃப்.ஆர்.ஆர்.ஓ பதிவு செய்ய வேண்டாம். பட்டியலை முதலிலேயே இப்படிப் பிரித்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையலாம்.

உதாரணத்துக்கு, விசாவில் வந்த மாணவர்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கைத் தகவல், தங்குமிடத் தகவல், பதிவு, போனஃபைட் சான்றிதழ் என ஆளுக்கு நான்கு என்றாலே 160 வேலை. அதில் பெரும்பகுதி, கல்லூரி திறக்கும் அதே இரண்டு மூன்று வாரத்தில் வந்து குவியும்.

அடிக்கடி கோட்டைவிடும் இடம் எது?

ஹாஸ்டலை விட்டு வெளியேறுவது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டாவது செமஸ்டரில் ஒரு மாணவர் படூரிலோ தையூரிலோ வாடகை வீட்டுக்குப் போகிறார். வெளிநாட்டவர் குடிவந்தால் தகவல் தரணும் என்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாது. முகவரி மாறியதை எஃப்.ஆர்.ஆர்.ஓ-வுக்குச் சொல்லணும் என்பது மாணவருக்குத் தெரியாது. விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். விண்ணப்பம் இழுக்கும், அபராதம் கட்டவும் நேரிடலாம். தப்பு செய்யும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் தவிப்பது மாணவர்.

ஒரே ஆள் எப்படிச் சமாளிக்கலாம்?

1. கெடுவை வைத்து வரிசை: காலையில் முதலில் பார்க்க வேண்டியது சட்டக் கெடு உள்ள வேலை. அடுத்து மாணவரின் விண்ணப்பக் கெடு. ஒப்பந்தம், விருந்தினர் வருகை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

2. ஒரே அட்டவணை: பாஸ்போர்ட், விசா, பதிவு முடியும் தேதிகள், இப்போதைய முகவரி ஆகிய எல்லாம் ஒரே எக்ஸெல் ஷீட்டில். விசா முடிய 60 நாள் இருக்கும்போதே நினைவூட்டல் வர வேண்டும்.

3. கூட்டமாகச் சொல்வது: 40 பேருக்கு 40 தடவை விளக்குவதைவிட, முதல் வாரத்தில் எல்லோரையும் லேப்டாப்போடு ஒரே அறையில் உட்காரவைத்து விண்ணப்பத்தை முடிப்பது எளிது. சீனியர் மாணவர்கள் பக்கத்தில் இருந்தால் மொழிப் பிரச்சினையும் தீரும்.

4. கேள்விக்கு நேரம்: நாள் முழுக்கக் கதவு திறந்திருந்தால் படிவம் நகராது. தினமும் இரண்டு மணி நேரம் மாணவர் சந்திப்பு, மீதி நேரம் கோப்பு. அவசரத்துக்கு மட்டும் ஒரு போன் எண். அதை இரவில் ஹாஸ்டல் வார்டனும் மாறி மாறி எடுக்க வேண்டும்.

5. நேர வித்தியாசத்தைப் பயன்படுத்துவது: ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால், அவர்களுக்குக் காலையிலேயே பேசிவிடலாம். பிரிட்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால். அவர்களுக்கு மாலை 3 மணிக்கு மேல். நாள் முழுக்க இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

6. ஒப்பந்தங்களைக் களையெடுப்பது: மூன்று வருடமாக ஒரு மாணவர்கூடப் போகாத, வராத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத்தான் வேண்டுமா? யுஜிசியின் 2022 விதிகளின்படி இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம் போன்றவற்றுக்கு நாக் மதிப்பெண் அல்லது தரவரிசைத் தகுதியும் வேண்டும். அது இல்லாமல் அந்தப் பேச்சுவார்த்தையில் மாதக்கணக்கில் நேரத்தைச் செலவிடுவது வீண்.

அந்த ஒருவர் லீவு போட்டால்?

இதுதான் கல்லூரி நிர்வாகங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இணையதள பாஸ்வேர்டு ஒருவர் தலைக்குள்ளும், மாணவர் கோப்புகள் அவருடைய சொந்த மெயிலிலும் இருந்தால், அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தாலே 24 மணி நேரக் கெடு தாண்டிவிடும்.

பொதுவான அலுவலக மெயில், எந்த வேலையை எப்படிச் செய்வது என்று எழுதிவைத்த கோப்பு, அதைப் பார்த்துச் செய்யத் தெரிந்த இன்னொரு ஊழியர் — குறைந்தபட்சம் இந்த மூன்றும் வேண்டும். சேர்க்கை நேரத்தில் மட்டுமாவது ஹாஸ்டல் அலுவலகத்திலிருந்து ஒருவரைத் துணைக்குக் கொடுக்கலாம். தங்குமிடத் தகவல் எப்படியும் அங்கிருந்துதானே போக வேண்டும்!

மாணவர்கள் செய்ய வேண்டியது என்ன?

வந்த அன்றே பாஸ்போர்ட், விசா நகலைக் கொடுத்துவிடுங்கள். வீடு மாறும் முன் ஆபீஸில் சொல்லுங்கள். விசா முடியும் தேதியை உங்கள் போனிலும் குறித்து வையுங்கள். வண்டி ஏறும்போது ஊர்ப் பெயரை வாயால் சொல்லாமல், மேப்பில் கல்லூரியைக் காட்டுங்கள்.

எத்தனை அட்டவணை போட்டாலும் ஓர் ஆளின் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையை விளம்பரத்தில் பெரிதாகப் போடும் நிர்வாகங்கள், அவர்களைக் கவனிக்க இரண்டாவது நாற்காலி ஒன்றையும் போட வேண்டும். இரவு 1 மணிக்கு வரும் போனை எடுப்பவர், மறுநாள் காலை 9 மணிக்கு 24 மணி நேரக் கெடுவையும் பார்க்க வேண்டியவர்தான்.