பக்கம் குறைந்தால் நிரூபணம் எளிதாகிவிடுமா?

10-க்கும் 20-க்கும் நடுவே 11, 13, 17, 19 என்று நான்கு பகா எண்கள் இருக்கின்றன. 100-க்கும் 200-க்கும் நடுவே 21. ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணை எடுத்தாலும், அதற்கும் அதன் இருமடங்குக்கும் இடையில் ஒரு பகா எண்ணாவது அகப்படும் என்று 1845-இல் ஊகித்தார் பிரெஞ்சுக் கணிதர் ஜோசப் பெர்ட்ராண்ட். 30 லட்சம் வரை சரிபார்த்தும் பார்த்துவிட்டார். நிரூபணம்தான் அவருக்குக் கிடைக்கவில்லை. ரஷ்யாவின் செபிஷேவ் 1852-இல் அதைக் கொடுத்தார். சுற்றி வளைத்துச் செல்லும் வழி அது.

1919-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் அதையே இரண்டு பக்கத்தில் முடித்தார். கூடவே ஒரு படி மேலும் போனார்: 41-இல் தொடங்கி எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதிக்கும் அதற்கும் இடையே (அதையும் சேர்த்து) குறைந்தது ஐந்து பகா எண்கள் இருக்கும். ஆனால் ராமானுஜனின் இரண்டு பக்கத்தைப் படிக்க காமா சார்பு தெரிந்திருக்க வேண்டும். பள்ளி மாணவர் கையில் கொடுக்க முடியாது.

கொடுக்கக்கூடிய நிரூபணம் 1932-இல் வெளிவந்தது. எழுதிய ஹங்கேரியர் பால் ஏர்டோஷுக்கு அப்போது 20 வயதுகூட ஆகவில்லை. அவர் கையில் எடுத்தது நாம் பிளஸ் ஒன்னில் படிக்கும் சேர்வுக் கணக்குதான். 20 பேரில் 10 பேரை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம்? 20-இலிருந்து 11 வரை பெருக்கி, 10-இலிருந்து 1 வரையுள்ள பெருக்கத்தால் வகுத்தால் 1,84,756. இதைப் பகாக் காரணிகளாகப் பிரித்துப் பாருங்கள்: 2×2×11×13×17×19. மேலே இருக்கும் 11, 13, 17, 19-ஐ அடித்துவிடக் கீழே எதுவும் இல்லை. அவை அப்படியே நிற்கின்றன. 7 என்ன ஆயிற்று? மேலே 14-இல் ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் அடிபட்டுப்போயின. 3-க்கும் 5-க்கும் அதே கதி. அந்த நான்கு பேரும் இல்லையென்றால் மிஞ்சுவது வெறும் 4.

ஏர்டோஷின் வாதம் இதுதான். இந்த வகை எண்கள் மிக வேகமாகப் பெருகுகின்றன. ஓர் எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவில் பகா எண்ணே இல்லையென்றால், அவ்வளவு பெரிய எண்ணைச் சின்னப் பகா எண்கள் மட்டுமே சேர்ந்து உண்டாக்க வேண்டும். அவற்றால் எட்ட முடியாது என்று காட்டிவிட்டால் போதும். ஆரம்பத்துச் சிறிய எண்களைக் கையாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

சரி, எல்லாத் தேற்றத்துக்கும் இப்படி ஒரு குறுக்குவழி உண்டா? பகா எண் தேற்றத்தின் கதை வேறு மாதிரி. ஓர் எண் வரை எத்தனை பகா எண்கள் உண்டு என்பதை, அந்த எண்ணை அதன் இயல் மடக்கையால் வகுத்து ஏறத்தாழச் சொல்லலாம் என்கிறது அது. 10 லட்சத்துக்கு இந்தக் கணக்கு 72,382 என்கிறது. உண்மையில் இருப்பவை 78,498. எண் பெரிதாகப் பெரிதாக விகிதம் ஒன்றை நெருங்கும். 1896-இல் ஹடமார்டும் தெ லா வாலே பூசானும் தனித்தனியே நிரூபித்தார்கள், இருவருமே கலப்பெண் பகுப்பாய்வைக் கொண்டு. முழு எண்களைப் பற்றிய விஷயத்துக்குக் கலப்பெண் எதற்கு என்ற கேள்வி பலரை உறுத்தியது. அது இல்லாமல் நிரூபணம் வந்தால் பழைய புத்தகங்களை ஒதுக்கிவிட்டு இந்தத் துறையையே திருத்தி எழுத வேண்டியிருக்கும் என்று 1921-இல் கோபன்ஹேகனில் பேசினார் கணிதர் ஹார்டி.

வந்தது. 1948-இல் செல்பெர்க்கும் அதே ஏர்டோஷும் கலப்பெண் இல்லாமல் நிரூபித்தார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் இருவருக்கும் மனஸ்தாபமே ஆகிவிட்டது. ஆனால் புத்தகங்கள் அப்படியேதான் இருந்தன. காரணம், அந்த 'அடிப்படை' நிரூபணம் படிப்பதற்குக் கடினம்; ஒவ்வொரு வரியும் புரிந்தாலும் முழுசாக ஏன் அது நடக்கிறது என்று பிடிபடாது. மாறாக, 1980-இல் டொனால்ட் நியூமன் கலப்பெண்ணை வைத்துக்கொண்டே ஒரு சிறு உத்தியால் பழைய வழியைச் சுருக்கினார். அதை 1997-இல் சாகியர் நான்கே பக்கத்தில் எழுதிக் காட்டினார். இரண்டில் எது எளிது என்று கேட்டால், தயங்காமல் நியூமன் பக்கம்தான் கைகாட்டுவேன்.

ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கும் (படி n இரண்டைத் தாண்டினால் xⁿ + yⁿ = zⁿ-க்கு மிகை முழு எண்களில் தீர்வு இல்லை என்பது அது) இப்போது ஒரு சுருக்கமான வழி இருக்கிறது, ஒரு வகையில். ஆண்ட்ரூ வைல்ஸின் 1995-ஆம் ஆண்டுக் கட்டுரை நூறு பக்கத்தைத் தாண்டும். பின்னர் சந்திரசேகர் கரேயும் வின்டன்பெர்கரும், கணிதர் செர் முன்வைத்த ஊகம் ஒன்றை நிரூபித்தார்கள்; அதிலிருந்து அதே முடிவு சில வரிகளில் கிடைத்துவிடுகிறது. ஆனால் செர் ஊகத்தின் நிரூபணமே வைல்ஸ் போட்டுத் தந்த பாதையில்தான் போகிறது. புத்தக ஓரத்தில் அடங்காத அற்புத நிரூபணம் ஒன்று தன்னிடம் இருப்பதாக ஃபெர்மா எழுதிவைத்தாரே, அது கிடைக்குமா என்று இன்னும் தேடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. படி 4-க்கு அவர் விட்டுச்சென்ற வாதம் ஒரு பக்கத்தில் அடங்குகிறது. பிற்காலத்தில் மற்றவர்களுக்கு அவர் சவாலாக அனுப்பியதும் 3, 4 ஆகிய படிகளைத்தான். பொதுவான தேற்றத்தைப் பற்றி அதன்பின் அவர் பேச்சே எடுக்கவில்லை.