லாஹௌலின் கோஷ்டம்

தமிழக நாட்டு மருந்துக் கடைகளில் கோஷ்டம் என்ற பெயரில் விற்கப்படும் வேர், இமயத்தின் குளிர்ந்த சரிவுகளிலிருந்து வருவது. வடமொழியில் குஷ்டம் என்றும் இந்தியில் குட் என்றும் வழங்கும் இச்செடி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் இதனைச் சாஸ்ஸூரியா காஸ்டஸ் என்பர். இஞ்சியின் உறவினமான வேறொரு செடிக்கும் கோஷ்டம் என்ற பெயர் வழங்குவதால் குழப்பம் நேர்கிறது. இக்குழப்பம் பழமையானது. கிரேக்க மருத்துவர்கள் குறிப்பிட்ட காஸ்டஸ் காஷ்மீரச் செடியே என்று 1840களில் ஹ்யூ ஃபால்கனர் எடுத்துக் காட்டுவதற்கு முன்பே, அப்பெயர் இஞ்சியின் உறவினத்திற்குச் சூட்டப்பட்டுவிட்டது.

சுமார் 2,600 மீட்டர் முதல் 4,000 மீட்டர் வரை உயரமுள்ள ஈரமான சரிவுகளில் இச்செடி இயற்கையாக வளர்கிறது. ஒன்று முதல் இரண்டு மீட்டர் உயரம் வரை நிமிர்ந்து நிற்கும். அடி இலைகள் மிகப் பெரியவை, முக்கோண வடிவின, நீண்ட காம்பின் இருபுறமும் சிறகு போன்ற விளிம்பு உண்டு. மேல் இலைகளின் அடியிலுள்ள இரு மடல்கள் தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும். பூத்தலைகள் உருண்டு, கடினமாக, காம்பின்றி இரண்டு முதல் ஐந்து வரை கொத்தாக அமையும். சூரியகாந்தியைப் போல் சுற்றிலும் இதழ்க் கதிர்கள் இல்லை. கருநீலம் கலந்த ஊதா நிறக் குழல் பூக்களே உள்ளன.

நிறமே இங்குப் பெரிய உதவி. லாஹௌலில் உடன் பயிராகும் புஷ்கரமூலமும் இதே குடும்பத்தது. அதன் வேரும் மணமுடையது. கோஷ்டத்துடன் கலப்படம் செய்யப்படுவதும் உண்டு. ஆனால் அதன் பூ மஞ்சள். இலையின் அடிப்பக்கம் அடர்ந்த மென்மயிர் பூண்டது. பூத்து நிற்கையில் எளிதான இவ்வேறுபாடு, வேர் நறுக்கப்பட்டு உலர்ந்தபின் அரிதாகிவிடுகிறது.

இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 1920களில் இதன் சாகுபடி தொடங்கியது. ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக்கிடக்கும், மழை குறைந்த அந்நிலத்தில் பனியுருகிய நீரைக் கால்வாய்களில் கொணர்ந்து பயிரிடுகின்றனர். விதையைப் பனிக்கு முன்னர் இலையுதிர் காலத்திலோ, பனி உருகிய பின்னர் வசந்தத்திலோ விதைக்கலாம். நல்ல வடிகாலுள்ள ஆழமான மண் தேவை. மண் இறுகினால் வேர் கிளைத்துக் குறுகிவிடும். முதலாண்டில் அடி இலைகளே தோன்றும். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். மூன்றாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இலைகள் வாடிய பிறகு, வேரை அகழ்ந்து, மண் நீக்கி, துண்டாக்கி உலர்த்துவர். மூன்றாண்டு காத்திருப்பது சிறு உழவர்க்கு எளிதன்று. ஒரே பருவத்தில் பணம் தரும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் கோஷ்டத்தின் நிலத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

காட்டுச் செடியின் நிலையோ கவலைக்குரியது. மருந்துக்கும் தூபத்திற்கும், கம்பளி ஆடைகளைப் பூச்சியினின்று காப்பதற்கும் வேர் பெருமளவில் தோண்டப்பட்டது. வேரை எடுத்தால் செடியே அழியும். பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் 1975இல் இரண்டாம் பட்டியலிலும், 1985இல் மிகக் கடுமையான முதற் பட்டியலிலும் இச்செடி சேர்க்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் செய்த திருத்தம் பாதுகாத்த ஆறு தாவர இனங்களுள் இதுவும் ஒன்று. காட்டிலிருந்து பறிப்பது அச்சட்டப்படி தடைசெய்யப்பட்டது. சாகுபடிக்கும் விற்பனைக்கும் உரிமம் வேண்டும் என்றாயிற்று. பயிரிடப்பட்ட வேருக்குப் பன்னாட்டு வாணிபத்தில் தளர்வு உண்டு. ஆனால் அது பயிரிடப்பட்டதே என்பதற்குச் சான்று வேண்டும்.

சிக்கல் இங்கேதான். மூட்டையில் உள்ள உலர்ந்த துண்டைக் கண்ணால் பார்த்து, அது வயலில் விளைந்ததா காட்டில் திருடப்பட்டதா என்று எவராலும் கூற இயலாது. சோதனைச் சாவடியில் கேள்வி எழும்போது உழவரிடம் காட்டத் தாள் இல்லையெனில் மூன்றாண்டு உழைப்பு முடங்குகிறது. தாளை மட்டும் நம்பினால் காட்டு வேரும் அதே தாளின்கீழ் வெளியேறும். ஆகவே அதிகாரி வயலுக்குச் செல்ல வேண்டிய காலம் அறுவடைக்குப் பின்னர் அன்று. செடி ஊதாப் பூவுடன் நிற்கும் கோடையில். அப்போது பரப்பையும் செடியின் வயதையும் பதிவேட்டில் குறித்துக்கொண்டால், பின்னர் சந்தைக்கு வரும் எடை அப்பரப்பில் விளையக்கூடியதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க இயலும். விதைக்கென வரப்போரத்தில் விடப்படும் சில செடிகளையும் அப்பதிவிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த விதைப்புக்குக் காட்டுச் சரிவை நாடவேண்டிய தேவை அதனால் குறையும்.